வலப்பக்கம் இழுக்கிறது

லிம் சூ காங் படகுத்துறையிலிருந்து
எங்கள் மீன்பண்ணைக்குப் பதினோரு நிமிடம்.
போன வாரம் பத்தொன்பது ஆனது.
ஊறாத உளுந்து போட்ட கிரைண்டர் மாதிரி
ஸ்டியரிங் சக்கரம் நின்று நின்று சுற்றியது.
மேற்கே போகையில் படகு தானாக வலப்பக்கம் ஒதுங்கியது.
வலப்பக்கம் ஜொகூர்.
கடலோரக் காவல்படை ஒலிபெருக்கியில்
என் பதிவெண்ணை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லியது.
திருப்புகிறேன், திருப்புகிறேன் என்று கையாட்டினேன்.
அவர்களுக்கு அது டாட்டா காட்டுவதாகத் தெரிந்திருக்கும்.

முதலில் மோட்டாரைத் திட்டினேன்.
பிறகு ஷொஹாக்கை.
வேலை மாறித் துவாஸுக்குப் போய்
மூன்று மாதம் ஆனவனைப் போனில் பிடித்து
கிரீஸ் போட்டாயா இல்லையா என்றேன்.
போட்டேன் மேடம்.
போட்டிருந்தால் ஏன் இப்படி என்று ஆரம்பித்து
இருபது நிமிடம்.
சாப்பிட்டுக்கொண்டிருந்தான் போல.
மெல்லும் சத்தத்தைக்கூட அடக்கிக்கொண்டான்.

புது கேபிள் வாங்கு, எழுநூறு வெள்ளி, முடிந்தது கதை
என்கிறார் பங்காளி கியான் செங்.
வாங்கலாம்.
எது கெட்டது என்று தெரியாமல் எதை மாற்றுவது?

இன்று காலை, நீர் வற்றிய நேரம்.
கேபிளையும் மோட்டாரையும் சேர்க்கும் கம்பியில்
ஒரே ஒரு நட்.
அதைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும்.
தள்ளினேன்.
நூற்றுப்பதினைந்து குதிரைகள்
எண்ணெயிட்ட கதவாய்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தன.
சக்கரத்தைச் சுற்றினேன். அதே இறுக்கம்.
ஆக, மோட்டார் நிரபராதி.
கோளாறு நடுவில் எங்கோ.

தெங்காவிலிருந்து கிளம்பிய போர் விமானம்
தலைக்குமேல் வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது.
கையிலிருந்த நட் தண்ணீருக்குள்.
பரவாயில்லை, இன்னொன்று இருந்தது:
பால் டின்னில், அளவு வாரியாகப் பிரித்து.
அப்படிப் பிரித்து வைத்தவன் ஷொஹாக்.

குழாய்க்குள் கத்தியை விட்டுச் சுரண்டினேன்.
கிரீஸ் வந்தது.
கறுத்து, கட்டியாகி, உப்போடு பிசைந்த மெழுகாக.
ஆனால் வந்தது.
தண்டில் பாதி பளபளப்பாகத்தான் இருந்தது.
குழாயைவிட்டு நீண்டிருந்த ஒரு சாண் மட்டும் துரு.
அது ஏன் அந்த ஒரு சாண் மட்டும்?

கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துப் படகு உரசாமல் இருக்க
சாயங்காலம் சக்கரத்தை இடது கோடிக்கு ஒடித்துவிட்டுத்தான்
கயிற்றைக் கட்டுவது.
இடது கோடியில் தண்டு முழுக்க வெளியே நிற்கும்.
இரவெல்லாம் உப்புக்காற்று அதை நக்கும்.
விடிந்ததும் அந்தத் துருவையே உள்ளே இழுத்துக்கொண்டு
படகு வலது திரும்பும்.
ஓராண்டாக.
படகைக் கட்டுவது ஷொஹாக் அல்ல.
நான்.

துரு எண்ணெய் விட்டேன். அரை மணி நேரம் ஊறட்டும் என்று
கொடுவாக் குஞ்சுகளுக்குத் தீனி போட்டேன்.
மரக்கட்டை வைத்து, சுத்தியலால்,
கோபமில்லாமல் தட்டினேன்.
அசைந்தது.
உப்பைத் தேய்க்க உப்புத்தாள்.
குழாய்க்குள் பாட்டில் பிரஷ், பிறகு புது கிரீஸ்.

ஷொஹாக்குக்கு ஒரு பெரிய செய்தி எழுதி அழித்தேன்.
கிரீஸ் இருந்தது, என் தப்பு, என்று மட்டும் அனுப்பினேன்.
நெடுநேரம் கழித்துக் கேட்டான்:
இன்னும் வலப்பக்கம் இழுக்குதா மேடம்?

அதை நான் அவனிடம் சொல்லவே இல்லை.

சக்கரம் இப்போது சுண்டுவிரலுக்குச் சுற்றுகிறது.
கையை எடுத்தால் மட்டும் படகு ஜொகூரைப் பார்க்கிறது.
காற்றாடிக்கு மேலே சின்னதாக ஒரு செதில் இருக்கிறதாம்,
ஒரே போல்ட்.
படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ
செதிலின் வாலை அந்தப் பக்கமே திருப்ப வேண்டுமாம்.

எதிர்ப்பக்கம் இல்லையா என்றேன்.
இல்லை மேடம், அதே பக்கம்.
கொஞ்சமா.